'டாக்குமெண்ட் பெண்டிங்': கொழிஞ்சாம்பாறை டைகரோட இன்சூரன்ஸ் கிளெய்ம், முழு கேஸ்

டைகர்ங்கறது ஒரு நாய், அதோட வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்ட கேஸ் இது. இதுல கம்பெனிக்காரங்க ரொம்ப நாளைக்கு "உங்களுக்குப் பணம் கெடையாது"ன்னு எழுத்துல சொல்லவே இல்ல, அதுதான் மொத்தப் பிரச்சினையும். கெடையாதுன்னு சொல்லிட்டா அடுத்த எடத்துக்கு அப்பீல் போலாம், தர்றோம்னு சொன்னா வாங்கிட்டு வேலையப் பாக்கலாம், ரெண்டும் இல்லாம ஸ்டேட்டஸ்ல "டாக்குமெண்ட் பெண்டிங்"னு போட்டு வெச்சா மனுசன் எங்க போய் நிக்கறது. அதனாலதான் இத முழுசா எழுதி வெக்கலாம்னு தோணுச்சு. கம்பெனி பேரு சொல்லல, நாய வளக்கற டீச்சர் வேண்டான்னுட்டாங்க.

நான் கொழிஞ்சாம்பாறைல நெட் கடை வெச்சுருக்கேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ரேசன் கார்டு அப்ளிகேசன், எல்லாம் உண்டு. ஊரு கேரளா, சித்தூர் தாலுக்கா, ஆனா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தமிழ்தான் பேசுவாங்க, இங்க தமிழ் மீடியம் ஸ்கூலே இருக்குது. வேலந்தாவளம் தாண்டுனா கோயமுத்தூர் ஜில்லா, கோபாலபுரம் தாண்டுனா பொள்ளாச்சி. வயசான மாட்ட விக்கப் போறவங்க, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாம் காலைல ஒரு ஸ்டேட்டு மத்தியானம் ஒரு ஸ்டேட்டுன்னு சுத்தீட்டு வருவாங்க, யாரும் அத ஒரு விசயமாவே நெனைக்கறதில்ல. இத இப்பவே சொல்லி வெக்கறேன், ஏன்னா பின்னாடி கம்பெனிக்காரங்க இதையே ஒரு கேள்வியா கேட்டாங்க.

மாட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர் நெறைய என் கடைல பிரிண்ட் ஆயிருக்கு. பால் சொசைட்டில இருந்து அனுப்புவாங்க. மாட்டுக்கு காதுல டேக், இப்பெல்லாம் 12 நம்பர் போட்ட மஞ்ச டேக், அதுதான் மாட்டோட ஆதார். மாடு செத்தா டேக்கோட சேத்து போட்டோ, வெட்டினரி டாக்டரோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வேல்யுவேசன், அவ்வளவுதான். டேக் இல்லைன்னா கிளெய்ம் இல்லைன்னு முன்னாடியே சொல்லிருவாங்க. கொடூரமான ரூல்தான், காதுல இருந்த டேக் முள்வேலில மாட்டி அந்து போய், மாடும் செத்து, பணமும் போனவங்கள எனக்குத் தெரியும். ஆனா ரூல் என்னன்னு எல்லாருக்கும் தெரியும், சொசைட்டி செக்ரட்டரி ஒருத்தர் நடுவுல நின்னு பேசுவாரு. நாய் இன்சூரன்ஸ்ல அந்த நடு ஆளே கெடையாது. ஒரு ஆப், ஒரு டோல் ஃப்ரீ நம்பர், தினம் ஒரு குரல்.

கேஸ் என்னன்னா

டீச்சர் இங்க தமிழ் மீடியம் ஸ்கூல்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவங்க. ஆதார் கார்டுல இருக்கறது கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் அவங்க அப்பா வீட்டு அட்ரஸ், குடியிருக்கறது இங்க தோப்பு வீட்டுல. நாய் லேப்ரடார், ஆம்பள நாய், பேரு டைகர். சத்தத்துல மட்டும்தான் டைகர், பால்காரர் வந்தா வால ஆட்டீட்டு முன்னாடியே போயி நிக்கும்.

2024 மார்ச்சுல டீச்சரோட அண்ணன் பையன் சொல்லி ஆன்லைன்ல பாலிசி எடுத்தாங்க. ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணி வைத்தியம், ஆபரேசன், இதுக்கு 50,000 ரூபா வரைக்கும் கவர். பிரீமியத்துக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 10 சதவீதம் நம்ம கைல இருந்து போடணும், கோ பேமெண்ட்டுன்னு சொல்றது. நோய்க்கு 30 நாள் வெயிட்டிங், அதாவது பாலிசி எடுத்து மொத 30 நாளுக்குள்ள வர்ற நோய்க்குப் பணம் கெடையாது. அட்மிட் ஆகாம ஓபில காட்டறதுக்குத் தனியா ஒரு ஆட் ஆன் இருந்துச்சு, அது எடுக்கல.

ஆகஸ்ட்ல, விடாத மழ முடிஞ்சு ரெண்டு நாள் வெயில் அடிச்ச நேரம், டைகர் சோறு திங்கறத நிறுத்திருச்சு. மறுநாள் மூக்குல ரத்தம். ஈறு வெள்ளையா வெளுத்துப் போயி, வயித்துல தோலுக்கு அடியில சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி. இங்க இருக்கற பிரைவேட் வெட்டினரி டாக்டர் பாத்ததுமே உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு சொல்லி ரத்தம் எடுத்துட்டாரு. பிளேட்லெட் 22,000. நாய்க்கு நார்மலா ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணும்.

உண்ணிக் காய்ச்சல் பத்தி கொஞ்சம் வெளக்கமா சொல்லணும், கேஸே அங்கதான் சிக்குச்சு. எர்லிகியா கேனிஸ்னு ஒரு பாக்டீரியா, நம்ம ஊரு பழுப்பு கலர் நாய் உண்ணி இருக்கே, அது கடிக்கறப்ப உள்ள போயிரும். கடிச்சு ஒரு வாரத்துல இருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், சோர்வு, பிளேட்லெட் எறங்கறது எல்லாம் வரும். சில நாய் அதத் தாண்டி நல்லா இருக்கற மாதிரியே இருக்கும், ஆனா கிருமி மண்ணீரல்ல ஒளிஞ்சுருக்கும், மாசக் கணக்குல ஏன் வருசக் கணக்குல கூட இருக்கும், அப்பறம் ஒரு நாள் கெளம்பும். மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள் விடாம குடுக்கணும். அந்த உண்ணி நாய் மேல மட்டும் இருக்கறதில்ல, செவுத்து வெடிப்புல, கூண்டுப் பலகை சந்துல முட்ட போட்டு வெச்சுரும், ஒரு உண்ணிக்கு ஆயிரக்கணக்குல முட்ட. தோப்பு வீட்டுல நாய் வளத்துட்டு உண்ணியே இல்லைன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தம்.

மூணு நாளு காலைல கூட்டீட்டுப் போயி டிரிப் ஏத்தி சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டீட்டு வந்தாங்க. ஏன்னா இந்த ஏரியாவுல நாயப் படுக்க வெக்கற வார்டு கெடையாது. மண்ணுத்தில வெட்டினரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, திருச்சூர்கிட்ட வரைக்கும் போகணும், மூக்குல ரத்தம் ஒழுகற நாய வெச்சுட்டு அவ்வளவு தூரம் வேண்டாம்னு நாலாம் நாள் கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. அங்க வார்டு இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரி. ரெண்டு ராத்திரி, ரத்தம் ஏத்துனாங்க, வேற ஒரு வீட்டு நாய் குடுத்த ரத்தம், ரத்தத்துல கிருமியே இருக்கான்னு பாக்கற பிசிஆர் டெஸ்ட் பண்ணி எர்லிகியா பாசிட்டிவ்னு உறுதி ஆச்சு. பொழச்சுருச்சு. இப்பவும் இருக்கு, என் கடை வாசல்ல மிதியடிய எடுத்துட்டு ஓடும்.

கணக்கு இது. இங்க கிளினிக்ல 4,350. கோயமுத்தூர்ல 21,800. டிஸ்சார்ஜுக்கு அப்பறம் மாத்திரை, லிவர் டானிக், மறுபடி ரத்த டெஸ்ட் எல்லாம் 3,150. மொத்தம் 29,300.

கேள்வி மேல கேள்வி

பில்ல ஸ்கேன் பண்ணி ஆப்ல ஏத்துன கூத்து தனி. ஒரு ஃபைல் 2 எம்பிக்கு மேல போகக்கூடாது, கம்மி பண்ணி ஏத்துனா "தெளிவா இல்ல"ன்னு திரும்பி வரும். அத விடுங்க, எல்லா சைட்டும் அப்படித்தான்.

மொதல் கேள்வி: பாலிசில நாய் பேரு டைகர், வாக்சின் புக்குல பப்பின்னு இருக்கு, ரெண்டும் ஒரே நாயின்னு எப்படி நம்பறது? டீச்சர் சிரிச்சுட்டாங்க. குட்டியா ரெண்டு மாசத்துல மொத ஊசிக்குக் கொண்டு போறப்ப யாரு பேரு வெச்சுருப்பாங்க, கம்பவுண்டர் பப்பின்னு எழுதித் தந்துட்டாரு, அதே புக்கு நாலு வருசமா ஓடுது. எங்க ஊரு வாக்சின் புக்குல பாதி நாய்க்கு பேரு பப்பிதான். நாயோட தோலுக்கு அடியில வெக்கற மைக்ரோசிப் இருந்தா அதோட 15 நம்பர்ல முடிஞ்சுருக்கும், ஆனா பாலிசி குடுக்கறப்ப சிப்பு கேக்கல, அடையாளத்துக்கு போட்டோ மட்டும்தான் கேட்டாங்க. பாலிசி குடுக்கறப்ப வாக்சின் புக்கையும் ஏத்தச் சொன்னாங்க, அப்பவும் அதுல பப்பின்னுதான் இருந்துச்சு, பிரீமியம் வாங்கறப்ப அது யாரு கண்ணுக்கும் படல. டாக்டர்கிட்ட ஒரே நாய்தான்னு லெட்டர் வாங்கி ஏத்துனோம்.

அடுத்தது: ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வேணும். இங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. வெட்டினரி கிளினிக்ல நடக்கற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டியே கெடையாது, 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே விலக்கு குடுத்துட்டாங்க. வைத்தியம் மட்டும் பாக்கற டாக்டர் எதுக்கு ஜிஎஸ்டி நம்பர் வாங்கி வெச்சுருக்கணும்? கால் சென்டர்ல இருந்த பொண்ணுகிட்ட இதச் சொன்னா, "மேம், சிஸ்டம்ல அந்தக் கட்டம் கட்டாயம் மேம்"னு சொல்லுது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அதுக்கு அங்க இருக்கற டப்பாவ ரொப்பணும். டாக்டர் லெட்டர்பேடுல "எனது சேவைக்கு ஜிஎஸ்டி பொருந்தாது"ன்னு எழுதித் தந்தாரு. மெடிக்கல் சாப் பில்லுல மட்டும் ஜிஎஸ்டி நம்பர் இருந்துச்சு.

அப்பறம் டாக்டரோட ரிஜிஸ்ட்ரேசன் நம்பர். கொழிஞ்சாம்பாறை டாக்டர் கேரளா வெட்டினரி கவுன்சில்ல பதிஞ்சவரு, கோயமுத்தூர் டாக்டர் தமிழ்நாடு கவுன்சில். "ஒரே நோய்க்கு ரெண்டு மாநிலத்துல சிகிச்சை எடுத்ததற்கான காரணத்தை விளக்கவும்"னு மெயில் வந்துச்சு. டீச்சர் எங்கிட்ட, "ஏங்கண்ணு, இவுங்களுக்கு மேப்ப அனுப்பி வெச்சா என்ன?"ன்னு கேட்டாங்க. நெசமாவே மேப்ப ஸ்கிரீன்சாட் எடுத்து அனுப்புனோம்.

இடைல ஒரு விசாரணை ஆளு பைக்குல வந்தாரு, கம்பெனி ஆளு இல்ல, அவங்க கான்ட்ராக்ட் குடுத்த ஏஜென்சி ஆளு. நல்ல மனுசன், வெயில்ல வந்து மோர் குடிச்சுட்டு போட்டோ எடுத்தாரு. நாய்கூட அன்னைக்குப் பேப்பர வெச்சு எடுக்கணுமாம், தேதி தெரியறதுக்கு. டைகர் பேப்பரக் கடிச்சுக் கிழிச்சுருச்சு, பக்கத்து வீட்டுல இருந்து மலையாளப் பேப்பர் வாங்கி வந்து எடுத்தாங்க. அவரு ரிப்போர்ட்ல என்ன எழுதுனாருன்னு கேட்டா குடுக்கல. கேளுங்க, எழுத்துல கேளுங்க, நம்மளப் பத்தி எழுதுன ரிப்போர்ட்ட வெச்சு முடிவு எடுக்கறாங்கன்னா அத நாமளும் பாக்கணும்.

ஒரு கேள்விக்குப் பதில் ஏத்துனா அடுத்த கேள்வி வருது. எல்லாத்தையும் ஒரே தடவைல கேட்டா என்னங்க? நானும் இத ஒரு மாதிரி வேலைத் தெரியாதவங்க பண்றதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். அப்பறம்தான் 2024 ஜூன்ல ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பு, ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போட்ட மாஸ்டர் சர்க்குலரப் படிச்சேன். டாக்குமெண்ட் இல்லைங்கற காரணத்துக்காக எந்தக் கிளெய்மையும் ரிஜெக்ட் பண்ணக்கூடாது, தேவையான பேப்பர பாலிசி குடுக்கறப்பவே கேட்டு வாங்கிரணும், கிளெய்முக்கு நேரடியா சம்பந்தப்பட்டத மட்டும்தான் பின்னாடி கேக்கலாம்னு அதுல இருக்கு. நல்ல ரூல்தான. ஆனா ரிஜெக்ட் பண்ணக்கூடாதுன்னு சொன்னா என்ன பண்றாங்க, ரிஜெக்ட் பண்றதில்ல, பெண்டிங்ல போட்டுட்டு ஒக்காந்துக்கறாங்க. கேள்வி நின்னுட்டா முடிவு சொல்லியாகணும், அதனால கேள்வி நிக்கறதே இல்ல. எனக்கு அப்படித்தான் படுது.

உண்ணி இருந்தா நோயா?

கடைசியா ஒரு நாள் போன்லயே சொன்னாங்க: இது பழைய நோய், பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சு, நீங்க மறச்சுட்டீங்க. எதவெச்சு? வாக்சின் புக்குல 2023 நவம்பர்ல டாக்டர் ஒரு வரி எழுதியிருக்காரு, உண்ணி இருக்கு, மேல ஊத்தற மருந்து குடுத்துருக்குன்னு. அவ்வளவுதான். பாலிசி பாரத்துல கடந்த ஒரு வருசத்துல நோய் உண்டான்னு கேட்டதுக்கு இல்லைன்னு டீச்சர் போட்டுருக்காங்க, அது பொய்யின்னு சொல்றாங்க.

இதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, நியாயமா சொல்லணும். உண்ணி தோலுக்கு மேல ஒட்டுற பூச்சி. உண்ணிக் காய்ச்சல் ரத்தத்துக்குள்ள இருக்கற கிருமி. கொசு வீட்டுல இருந்துச்சுன்னு எழுதி வெச்சா டெங்கு இருந்துச்சுன்னு அர்த்தமா? ஆனா கம்பெனிக்கும் ஒரு வாதம் இருக்கு, மேல சொன்ன மாதிரி கிருமி ஒளிஞ்சுருந்து மாசம் கழிச்சு வெளிய வரலாம், நவம்பர்ல கடிச்ச உண்ணி ஆகஸ்ட்ல வேலையக் காட்டியிருக்கலாம்னு அவங்க சொன்னா வைத்தியப்படி அது நடக்காத விசயம் இல்ல. கிருமிய எதுத்து ஒடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியப் பாக்கற டெஸ்ட் மட்டும் பண்ணியிருந்தா இன்னும் கஷ்டம் ஆயிருக்கும், ஏன்னா ஆன்டிபாடி பழைய நோய்க்கும் ரொம்ப நாள் பாசிட்டிவ் காட்டும்.

கேஸக் காப்பாத்துனது ஒரு பழைய ரத்த ரிப்போர்ட். 2024 ஜனவரில டைகருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்றதுக்கு முன்னாடி, மயக்க மருந்து குடுக்கறதுக்காக எடுத்தது. பிளேட்லெட் 2,60,000, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். அதாவது உண்ணின்னு எழுதுன நவம்பருக்குப் பின்னாடி, பாலிசி எடுத்த மார்ச்சுக்கு முன்னாடி. கிருமி உள்ள ஒளிஞ்சுருந்தா பெரும்பாலும் பிளேட்லெட் கொஞ்சமாவது கொறஞ்சே இருக்கும்னு டாக்டர் சொன்னாரு, நூத்துக்கு நூறு இல்ல, ஆனா பெரும்பாலும். டீச்சர் அந்தப் பேப்பர பீரோல பென்சன் புக்குகூட வெச்சுருந்தாங்க. ஸ்கூல் டீச்சர்ங்க எதையும் தூக்கி எறிய மாட்டாங்க.

டாக்டர்கிட்ட ஒரு பக்கத்துக்குச் சர்டிபிகேட் வாங்குனோம், அதுல மூணு விசயம் இருக்கற மாதிரி கேட்டு எழுதி வாங்குனேன்: உண்ணி ஒட்டறது வேற எர்லிகியா நோய் வேறங்கறது, ஜனவரி ரிப்போர்ட்ல நோய்க்கான அறிகுறி இல்லைங்கறது, ஆகஸ்ட்ல வந்தது புதுசா வந்த நோய்க்கான மொகத்தோட இருந்துச்சுங்கறது. இன்சூரன்ஸ்ல ஒரு விலக்கு இருக்குன்னு கம்பெனி சொன்னா, அது இந்தக் கேஸுக்குப் பொருந்துதுன்னு காட்ட வேண்டியது கம்பெனிதான்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. நோய் இல்லைன்னு நாம நிரூபிக்கணும்னு அவங்க கேக்கறதுல அர்த்தம் இல்ல. ஆனா ரிப்போர்ட்டு கைல இருக்கறப்ப வாதத்துக்காக அத மறைச்சு வெக்கணுமா என்ன.

லெட்டர் போட்டதுக்கு அப்பறம்

இதுவரைக்கும் போன், ஆப், சேட். ஆப்ல எத்தன ஏத்துனாலும் அது "கிளெய்ம்" கணக்குதான். கிரீவன்ஸ்னு, அதாவது புகாருக்குன்னு, தனியா ஒரு கதவு இருக்கு, கம்பெனி வெப்சைட்ல கடைசில சின்ன எழுத்துல கிரீவன்ஸ் ஆபீசர் மெயில் ஐடி இருக்கும். அதுக்குப் போட்டாதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கம்பெனி 14 நாளுக்குள்ள பதில் சொல்லணும். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ வந்த பதில் சரியில்லைன்னாலோ இந்த மாதிரி சண்டைய விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போலாம். கிளெய்ம் பெண்டிங்ல இருந்தாலும் பரவால்ல, கம்பெனி "கெடையாது"ன்னு எழுதித் தர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. நிறையப் பேரு இங்கதான் மாட்டிக்கறாங்க, பெண்டிங்னு இருக்கறத பாத்து இன்னும் முடிவு ஆகலையே எப்படி கம்ப்ளெயிண்ட் பண்றதுன்னு சும்மா இருந்துருவாங்க.

லெட்டர் இங்கிலீஸ்ல நான்தான் டைப் பண்ணேன், டீச்சர் திருத்துனாங்க, செவப்பு பேனாலதான். நாய் பட்ட கஷ்டம், எங்க கஷ்டம், எத்தன தடவை போன் பண்ணோம் எதுவும் எழுதல. தேதி வாரியா நீங்க கேட்டது, நாங்க குடுத்தது, அவ்வளவுதான். கடைசில ரெண்டே கேள்வி: இந்தக் கிளெய்ம மறுக்கறீங்கன்னா பாலிசில எந்த ஷரத்துப்படின்னு நம்பரோட எழுதுங்க. மறுக்கலைன்னா இன்னும் எந்த டாக்குமெண்ட் வேணும்னு ஒரே லிஸ்டா எழுதுங்க, அதுக்கு மேல கேக்க மாட்டோம்னும் எழுதுங்க. அதே லெட்டர பீமா பரோசா போர்ட்டல்லயும் போட்டோம், அது ஐஆர்டிஏஐயோடது, கம்பெனிக்கே திருப்பி அனுப்பும், ஆனா மேல இருக்கறவங்க கண்ணுல பட்டுட்டே இருக்கும். போர்ட்டல் வேண்டாங்கறவங்க 155255க்கு போன் போட்டாலும் பதிஞ்சுக்குவாங்க.

ஓம்புட்ஸ்மேன்னு வந்தா கொச்சியா சென்னையாங்கற கேள்வியும் வந்துச்சு. கேரளாவுக்கு கொச்சி ஆபீஸ், தமிழ்நாட்டுக்கு சென்னை. நாம குடியிருக்கற எடமோ கம்பெனி ஆபீஸ் இருக்கற எடமோ எந்த ஆபீஸ் எல்லைல வருதோ அங்க போலாம். டீச்சர் குடியிருக்கறது இங்க, அதனால கொச்சின்னு முடிவு பண்ணி வெச்சோம். ஃபீஸ் கெடையாது, வக்கீல் வெக்கக்கூடாது, நாமளேதான் பேசணும், 50 லட்சம் வரைக்கும் கேஸ் எடுப்பாங்க. அங்க தீர்ப்பு வந்தா கம்பெனி கட்டுப்பட்டாகணும், நமக்குப் பிடிக்கலைன்னா கன்ஸ்யூமர் கமிசன் போலாம். 2019 சட்டம் வந்ததுக்கு அப்பறம் கன்ஸ்யூமர் கேஸ் நாம குடியிருக்கற ஜில்லாவுலயே போட்டுக்கலாம், அதாவது பாலக்காட்டுலயே. பம்பாய்ல ஹெட் ஆபீஸ்னு பயப்பட வேண்டியதில்ல.

அங்க வரைக்கும் போகத் தேவையில்லாமப் போச்சு. கிரீவன்ஸ் லெட்டருக்கு பதில் வந்துச்சு, மொத மொறையா ஒரு ஆளு பேரோட, கையெழுத்தோட. பழைய நோயிங்கற பேச்சே அதுல இல்ல. போன்ல அவ்வளவு உறுதியா சொன்னத எழுத்துல ஒரு வார்த்தை கூட எழுதல பாருங்க. டைகர் பப்பி பிரச்சினையும் காணோம், ஜிஎஸ்டியும் காணோம், ரெண்டு ஸ்டேட்டும் காணோம்.

கோயமுத்தூர் பில் 21,800ல நாய்க்குச் சாப்பாடு, கழுத்துல மாட்டற பிளாஸ்டிக் காலர் இதுக்கெல்லாம் 1,200 கழிச்சு, மீதி 20,600ல 10 சதவீதம் 2,060 போக 18,540 ரூபா அக்கவுண்ட்ல போட்டாங்க. டிஸ்சார்ஜுக்கு அப்பறம் ஆன 3,150க்கு டாக்டர் சீட்டு இல்லைன்னாங்க. டிஸ்சார்ஜ் சம்மரிலயே டாக்ஸிசைக்ளின் 28 நாள்னு எழுதியிருக்கு, மறுபடி எப்ப ரத்தம் எடுக்கணும்னும் இருக்கு, அதுக்கு மேல என்ன சீட்டு? அந்தப் பக்கத்துல கோடு போட்டு திருப்பி அனுப்புனோம், 2,835 வந்துச்சு. ஆக மொத்தம் 21,375.

கொழிஞ்சாம்பாறை கிளினிக்ல ஆன 4,350 வரல. 24 மணி நேரம் அட்மிட் ஆகணும்னு பாலிசில தெளிவா இருக்கு, ஷரத்து நம்பரோட எழுதியிருந்தாங்க. டீச்சர் அத ஏத்துக்கிட்டாங்க, நானும் சண்ட போடச் சொல்லல, எழுத்துப்படி அவங்க சொல்றது சரிதான். ஆனா அந்த ஷரத்து யாருக்காக எழுதுனது? பெங்களூருல ராத்திரி பூரா தொறந்துருக்கற ஆஸ்பத்திரி இருக்கறவங்களுக்கு. நம்ம பக்கம் மூணு நாள் டிரிப் ஏத்துனாலும் ராத்திரி நாய் வீட்டுல நம்ம திண்ணைலதான் படுக்கும். பாலிசி விக்கறப்ப பின்கோடு கேக்கறாங்க, கேட்டு என்ன பண்றாங்கன்னு தெரியல. கிராமத்துப் பக்கம் இருக்கறவங்க அட்மிசன் கவர் மட்டும் எடுக்கறதுல பாதிப் பணம் வீணு, எடுத்தா ஓபி ஆட் ஆனோட எடுங்க, இல்லைன்னா அந்தப் பிரீமியத்த மாசாமாசம் தனியா போட்டு வைங்க, இது என்னோட அபிப்ராயம்.

லேட்டா குடுத்ததுக்கு வட்டியும் கேட்டோம், பேங்க் ரேட்டுக்கு மேல 2 சதவீதம்னு ஐஆர்டிஏஐ விதில இருக்கு. கடைசி டாக்குமெண்ட் வந்த தேதில இருந்து கணக்குப் பாத்தா லேட் ஆகலைன்னு பதில் வந்துச்சு. கேள்வி கேட்டுட்டே இருந்தா கடைசி டாக்குமெண்ட் தேதியும் தள்ளிப் போயிட்டே இருக்கும்ல, அதுலயும் அவங்களுக்குத்தான் லாபம். தொகை சின்னதுன்னு டீச்சர் விட்டுட்டாங்க.

2025 மார்ச்சுல ரின்யூ பண்ண வந்தாங்க. அதுக்கு முன்னாடியே டைகருக்கு சிப்பு போட்டு, புது வாக்சின் புக்கு வாங்கி, டைகர்னு எழுதி, பழைய பப்பி புக்கையும் அதுகூட ஸ்டேப்ளர் அடிச்சு வெச்சுட்டாங்க. ஓபி ஆட் ஆனும் சேத்தாங்க. பாரத்துல நோய் உண்டாங்கற எடத்துல எர்லிகியோசிஸ், ஆகஸ்ட் 2024, குணமாச்சுன்னு எழுதி, கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் ஏத்தச் சொன்னாங்க. "உண்ணின்னும் எழுதிரு கண்ணு, மழைக்கு மறுபடி வந்துரும்"னாங்க. அதுக்கு பாரத்துல எடம் இல்ல, கவரிங் லெட்டர்ல எழுதி அனுப்பியிருக்கோம்.